கொசுவுக்கு ஊர் சொல்கிறவர்

கொசு கடித்தால் நாமெல்லாம் கையை ஓங்குவோம். ஆனால் அதற்கு ஊர் விசாரிக்கும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. சிதம்பரம் நடனசபாபதி அதில் அசல். பண்ருட்டிக் கொசு பலாச்சுளை வாசத்தில் வளர்ந்தது, சாது. கடலூர்க் கொசு உப்புக்காற்று குடித்தது, கடித்தால் எரியும். சேத்தியாத்தோப்புக் கொசு கரும்புக்கொல்லையில் கிடந்தது, சர்க்கரை உடம்பாகப் பார்த்துத்தான் உட்காரும் என்று டீக்கடையில் அவர் அளக்க ஆரம்பித்தால் கேட்பவர் கையில் டீ ஆறிப்போகும். சொந்த ஊர்க் கொசு? கடிக்கும், காய்ச்சல் தராது.

"மலேரியால்லாம் மெட்ராஸ் கொசு மச்சான். பஸ் ஏறி வருது."

சுனாமிக்கு மறுவருஷம் அவர் மனைவி மகேஸ்வரிக்கே குளிர்காய்ச்சல் கண்டது. இரத்தத்தைச் சோதித்தால் மலேரியா. மனிதர் ஆடிப்போனார். மனைவிமேல் உயிரையே வைத்திருந்தார், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பெருமையையும் விட மனம் வரவில்லை.

"மெட்ராஸ்லேர்ந்து ஒன் தம்பி வந்தான்ல? அவன் பையிலதான் வந்திருக்கும்."

"அவன் மிச்சர் கொண்டாந்தான். கொசு கொண்டாரல," என்றாள் மகேஸ்வரி, போர்வைக்குள்ளிருந்து.

அந்த நேரம் பார்த்து இசைவாணி என்ற ஆராய்ச்சி மாணவி, மலேரியா கண்ட வீடு என்று விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மலைக்குளிர், கடற்கரை வெக்கை என்று தட்பவெப்பத்துக்குத் தக்கபடி மலேரியாக் கொசுவின் மரபணு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. நடனசபாபதிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தான் இத்தனை காலம் சும்மா சொன்னதற்கு ஒரு படிப்பே இருக்கிறதா? தன் வீட்டில் ஒன்றும் கிடையாது என்று காட்ட அவரே மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். தண்ணீர்த் தொட்டியின் உடைந்த மூடியைத் தள்ளினால், மேல்மட்டத்தில் புழுக்கள் படுத்து நெளிந்தன.

"மலேரியாக் கொசுப் புழுதான் சார். இங்கியே பொறந்தது."

நீங்களாக இருந்தால் கூசியிருப்பீர்கள். அவரோ, "நம்ம ஜீன் தனியா இருக்குமாம்மா?" என்றார்.

"இருக்கலாம் சார். பாத்தாதான் தெரியும்," என்று நாலைந்து புழுக்களைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனாள்.

போதாதா? சிதம்பரத்துக்கென்றே ஒரு தனி ரகம், அதுவும் தன் தொட்டியில்! தெருவெல்லாம் சேதி போயிற்று. கொசுமருந்து ஊற்ற வந்த நகராட்சி ஆளை மாடிப்படியிலேயே மறித்தார். "ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

மகேஸ்வரி போர்வையோடு படியேறி வந்தாள். தொட்டியின் அடிக்குழாயைத் திறக்கப் பார்த்தாள். காய்ச்சல் கண்ட கையில் வலுவில்லை, திருகு அசையவில்லை.

"இன்னொரு காச்சல் எனக்குத் தாங்காதுங்க," என்றாள்.

அந்தக் கையைப் பார்த்தார் நடனசபாபதி. தாமே குனிந்து திருகைத் திறந்தார். தனி ரகம் சாக்கடைக்குப் போயிற்று.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டுத் தொட்டி எப்படி? 'எங்க தெருவுல அதெல்லாம் இல்லீங்க, பக்கத்துத் தெருவுலதான் ஜாஸ்தி' என்றுதானே இப்போது வாயெடுத்தீர்கள்? முதலில் மாடிக்குப் போய் மூடியைப் பாருங்கள்.