பதினேழு படிகளும் ஒரு 'கா'வும்

சட்ட ஞானமும் சாந்த குணமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற என் அருமை மருமகனுக்கு, உன் யோசனையைக் கேட்டுக் கெட்டுப்போன மூத்த மாமா எழுதிக்கொண்டது. இவ்விடம் நலமில்லை. இந்த நிலையில் அவ்விடம் மட்டும் எல்லாரும் நலமாக இருப்பது நியாயமில்லை என்றாலும், இருந்து தொலையுங்கள் என்று மனமார ஆசீர்வதிக்கிறேன்.

"மாமா, ஒன்பது வருஷமா கோர்ட்டுக்கு அலையறீங்க, ஒரே ஒரு தடவை சமரச மையத்துக்குப் போய்ப் பாருங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவாங்க" என்று சொன்னது நீதானே? முடித்துவிட்டார்கள். என்னை முடித்துவிட்டார்கள். வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் உனக்கு வழக்கு அத்துப்படி. ஆனாலும் உன் மனசாட்சி கொஞ்சம் உறுத்தட்டும் என்று மறுபடி எழுதுகிறேன். மாடி எனக்கு, கீழ்வீடு உன் சின்ன மாமாவுக்கு என்று பாகம் பிரித்தவர்கள் துணி காயப்போடும் கம்பி வரைக்கும் பத்திரத்தில் எழுதிவிட்டு, படிக்கட்டை எழுத மறந்துவிட்டார்கள். அது தொடங்குவது என் தரையில் என்பது அவன் கட்சி. அது முடிவது என் வாசலில் என்பது என் கட்சி. இடையில் பதினேழு படிகள், ஒன்பது வருஷம், நான்கு நீதிபதிகள். கூடப்பிறந்த தம்பி எனக்குப் பிரதிவாதி ஆனான், நான் அவனுக்கு வாதி ஆனேன். எதிரெதிரே வந்தால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்போம். அந்தச் சுவருக்கே கூச்சம் தாங்காமல் சுண்ணாம்பு மொத்தமும் உதிர்ந்துவிட்டது.

இப்போது ஒரு ராஜாங்க ரகசியம். ஆறு மாதமாக என் இடது முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. தம்பி வெளியே போகும் நேரம் பார்த்து, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, நகர்ந்து, அடுத்த படியில் உட்கார்ந்து, பதினேழு சிம்மாசனங்களில் அடுத்தடுத்து முடிசூடிக்கொண்டுதான் கீழே இறங்குகிறேன். உன் அத்தை ஒருநாள் பார்த்துவிட்டு, என்ன இது என்றாள். வழக்குக்காகப் படிகளை அளக்கிறேன் என்றேன். எதால் அளக்கிறீர்கள் என்று அவள் கேட்பதற்குள் அடுத்த சிம்மாசனத்துக்கு நகர்ந்துவிட்டேன். இந்தச் சங்கதி கீழே தெரிந்தால், ஏற முடியாதவனுக்குப் படிக்கட்டு எதற்கு என்று ஒரே வரியில் என் வழக்கை ஊதித் தள்ளிவிடுவானே என்று, வலியை உலகப்போர் ரகசியம் போல் காத்து வந்தேன்.

சமரச மையம் என்பது நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கத்தில் ஓர் அறை. யாரும் தலைமை இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று வட்ட மேசை. அழுகிறவர்களுக்கு ஒரு பெட்டி நிறையக் காகிதக் கைக்குட்டை. சமரசம் செய்யும் அம்மையார் தேனில் குழைத்த குரலில், இங்கே பேசுவது நீதிபதிக்குக்கூடப் போகாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, எங்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார். ஒன்றின் தலைப்பு 'பகிரத்தக்கது'. அதில் எழுதுவதை எதிர்த் தரப்பிடம் படித்துக் காட்டுவார். மற்றது 'பகிரத்தகாதது'. அது அவர் கண்ணோடு சரி. மருமகனே, இரண்டுக்கும் நடுவில் ஒரு 'கா'தான் வித்தியாசம். தம்பி கண்ணில் கிழவனாகப் படக் கூடாது என்று நான் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தேன். அந்த ஒற்றை 'கா' என் குலத்தையே கவிழ்த்துவிட்டது.

ஒரு தாளில் முழங்கினேன். உச்ச நீதிமன்றம் வரை போவேன், அதற்கு மேலே ஒன்று கட்டினால் அங்கேயும் போவேன், தேவைப்பட்டால் ஹெலிகாப்டரில் மாடிக்கு இறங்குவேனே தவிர ஒரு படியையும் விட மாட்டேன் என்று பன்னிரண்டு வரி. இன்னொரு தாளில் நாலே வரி: 'முழங்கால் போய்விட்டது. உட்கார்ந்துதான் இறங்குகிறேன். படிக்கட்டு எனக்கு இனி உபயோகமில்லை. ஆனால் வழக்கை விட்டுவிட்டால் அவனைப் பார்க்க எனக்கு வேறு சாக்கு கிடையாது.'

எந்தத் தாளை அம்மையார் பக்கத்து அறையில் படித்துக் காட்டினார் என்று இன்னும் எழுத வேண்டுமா? அரை மணி கழித்து முகம் மலரத் திரும்பி வந்தார். உங்கள் தம்பி பதினேழு படிகளையும் விட்டுக்கொடுக்கிறார், கீழ்வீட்டையும் உங்களுக்கே கொடுத்துவிட்டுத் தாம் மாடிக்குப் போகிறேன் என்கிறார் என்றார். அவர் கையில் அந்த நாலு வரித் தாளைப் பார்த்ததும் எனக்கு உயிர் உச்சந்தலை வழியாக ஒருமுறை வெளியே போய் வந்தது. தாள் மாறிவிட்டது, அது செல்லாது என்றேன். "உங்க கையெழுத்துதானே ஐயா?" என்றார். வட்ட மேசைக்குத் திரும்பினோம். ஒன்பது வருஷமாக என் முகத்தைப் பார்க்காதவன், அன்றைக்கும் முகத்தைப் பார்க்கவில்லை. என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை யார் காலி செய்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. மையத்தில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி.

வழக்கில் தோற்றிருந்தால் மேல்முறையீடு செய்யலாம். இப்படி ஜெயித்தவன் எங்கே போய் முட்டிக்கொள்வது? பிச்சையாக வந்த வீட்டில் எந்த முகத்தோடு குடியிருப்பேன்? திங்கட்கிழமை கையெழுத்து. அதுவரை யார் வேண்டுமானாலும் விலகலாமாம். ஆகவே நீ உடனே, இந்தச் சமரசத்தில் எனக்குச் சம்மதமில்லை என்று கடுமையான வாசகத்தில் ஒரு கடிதம் தயார் செய்து, முதல் வண்டியில் புறப்பட்டு வா. வழக்கு நடக்க வேண்டும். நான் போன பிறகும் நடக்க வேண்டும்.

உன் அம்மாவுக்கு என் நமஸ்காரம். தம்பிகள் இருவரையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவள், இதைக் கேட்டால் சிரிப்பாள், சொல்லாதே. குழந்தைகளுக்கு ஆயுளும் அறிவும் பெருகட்டும், வழக்கு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
வெற்றியால் வீழ்ந்த
உன் மூத்த மாமா

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் உன் சின்ன மாமா இரண்டு ஆட்களோடு மாடிக்கு வந்து என் கட்டிலில் கை வைத்தான். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். "போடாட்டி போண்ணா. முதல்ல கட்டில் இறங்கட்டும். கேஸை அப்புறம் கீழே உக்காந்து நடத்திக்கலாம்" என்றான். கட்டிலுக்குப் பின்னாலேயே என்னையும் முதுகில் தூக்கிக்கொண்டு இறக்கிவிட்டான். வழியெல்லாம், என்ன கனம் கனக்கிறாய் என்று திட்டினான். நீ வர வேண்டாம். இனிமேல் கடிதம் எழுதினால் உறையில் 'கீழ்வீடு' என்று போடு.