வர்த்தகக் கூட்டத்தில் ஒரு கொடுவா

கிழக்குத் தாம்பரம்,
16.9.2007

சிரஞ்சீவி சூர்யநாராயணனுக்கு அண்ணா பட்டாபிராமன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான், உன் மன்னி வேதா, மின்விசிறி மூவரும் ஒருமாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறோம். நாக்பூரில் நீங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நிற்க. இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தகத்தில் நான் தலையிட்டுவிட்டேன். பதறாதே. எங்கள் காலனி நுகர்வோர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினால்கூட டில்லி வரை எட்டு அலுவலகங்களுக்கு நகல் அனுப்புகிறவன். அதில் ஒன்று வெளிநாட்டு வர்த்தகம் பார்க்கிற இடமாம். போன மாதம் அங்கிருந்து அழைப்பு வந்தது. கிழக்கு நாடுகள் சிலவற்றோடு ஒப்பந்தம் போடப்போகிறார்கள், மீனுக்கு இறக்குமதி வரியை எடுத்துவிட உத்தேசம், மக்கள் அமைப்புகள் வந்து கருத்துச் சொல்லவேண்டும். மீனைப் பற்றி, தயிர்சாதம் தாண்டாத என்னிடம்! "ஏன்னா, தெரிஞ்சவாகிட்ட கேட்டுண்டு வாங்கோளேன்" என்றாள் வேதா. சரின்னு பஸ் பிடிச்சு, இங்கே பக்கத்துக் கோவளம் மீனவர் குப்பத்துக்குப் போனேன்.

அங்கே தனம் என்று ஓர் அம்மாள், முப்பது வருஷமாகக் கரையில் மீன் விற்கிறவள். அழைப்பைத் தமிழில் சொன்னதும் அவள் முகம் இருண்டுவிட்டது. "கப்பல் மீனு வந்து குமிஞ்சா எங்க மீன எவன் வாங்குவான் சார்? எங்க குப்பத்துல நூத்தியிருவது வூடு இந்தக் கூடைய நம்பிகினு கீது. நானே வந்து கேக்குறேன்" என்று என்னோடு வரச் சம்மதித்துவிட்டாள்.

வியாழக்கிழமை கிண்டியில் ஒரு ஹோட்டலில் கூட்டம். போனவுடன் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். வர்த்தக அதிகாரிகள் இவ்வளவு மரியாதை தெரிந்தவர்களா என்று நெகிழ்ந்துபோனேன். தட்டு மாற்ற ஆரம்பித்த பிறகுதான் அது யாரோ வீட்டு நிச்சயதார்த்தம் என்று புரிந்தது. தனம் அதற்குள் இரண்டு ஜூஸ் குடித்தாகிவிட்டது.

ஒருவழியாகச் சரியான ஹாலுக்குள் நுழைந்தால், டில்லி அதிகாரி திரையில் படம் காட்டி, வரி போனால் நுகர்வோருக்கு லாபம் என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஒன்பது பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பையில் கையை விட்டால் வேதாவின் மூக்குக்கண்ணாடி! ஓர் எழுத்தும் தெரியலை. நான் தடுமாறுவதைப் பார்த்து தனம் மைக்கை வாங்கிவிட்டாள்.

"கப்பல்ல வர்ற மீனு எப்ப புட்சது சார்? அதுக்கு பர்த்டே எதுனா கீதா?"

இறக்குமதி மீனின் பிறந்த தேதியை அம்மையார் அறிய விரும்புகிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். ஹாலே சிரித்தது. உறைய வைத்த மீனும் அதே ருசிதான் என்றார் அதிகாரி. அவ்வளவுதான். தனம் ஒயர்கூடையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, மேஜையின் வெள்ளை விரிப்பில் பிரித்தாள். முழுக் கொடுவா மீன். காலையில் பிடித்தது.

அந்த அதிகாரி ஒரு வங்காளி, சூர்யா! "பேட்கி!" என்று கத்திக்கொண்டு மேடையிலிருந்து குதித்தே வந்தார். கொடுவாவுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பேராம். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். "இத்த வுட்டுட்டு ஐஸ்கட்டியவா துன்னுவ?" என்று தனம் கேட்டதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படலை. பிறகு அவர் சிரிப்பை விட்டு, எத்தனை வீடு, எத்தனை பெண்கள், என்னென்ன மீன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்த மீன்களையெல்லாம் ஒப்பந்தத்திலிருந்து விலக்கிவைக்கப் பரிந்துரைப்பதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். தனம் அடிச்சா பாரு ஒரு விசில், நிச்சயதார்த்த நாதஸ்வரமே நின்னுபோச்சு.

திரும்பும்போது பஸ்ஸில் திடீரென்று அழுதாள். "நம்ம பேச்ச டில்லிக்காரன் எய்திகினான் சார்" என்று சொல்லிச் சொல்லி அப்புறம் சிரித்தாள்.

ஆகவே, பெரியப்பா தனி ஆளாக நின்று நாட்டின் கொள்கையையே திருத்தியவர் என்று குழந்தை ஸஹானாவுக்கு எடுத்துச் சொல். அவளுக்கு ஆயுசும் படிப்பும் அமோகமாக வளரட்டும்.

இப்படிக்கு,
பட்டாபிராமன்
தலைவர், நுகர்வோர் சங்கம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கூட்டத்தின் குறிப்பு கூரியரில் வந்தது. பரிந்துரை அப்படியே இருக்கிறது. ஆனால், "தாம்பரம் நுகர்வோர் சங்கத் தலைவி திருமதி தனம் ஆணித்தரமாக வாதாடினார், உடன் வந்த மொழிபெயர்ப்பாளரின் பெயர் தெரியவில்லை" என்று அச்சடித்திருக்கிறார்கள். வேதா அதைத் தெரு பூராவும் படித்துக் காட்டி, வருகிற சங்கத் தேர்தலில் தனத்தையே நிறுத்தப்போகிறாளாம். யோசித்துப் பார்த்தேன், என் ஓட்டும் அவளுக்குத்தான்.