அரசாங்கக் குடம்

செங்கல்பட்டுக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே மின்சார ரயிலில் விற்ற சில்லறைச் சாமான்களில் சரிபாதியை எங்கள் ஆபீஸ்காரர் ஒருவரே வாங்கினார். மீதிப் பாதியை அவர் வாங்காமல் போனதற்குக் காரணம், அதை விற்றவர்கள் வேறு பெட்டியில் ஏறிவிட்டதுதான்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. ஊக்கு, பூச்சி உருண்டை, காது குடையும் குச்சி, சைக்கிள் டியூப் துண்டு, சணல் கண்டு என்று எதை வாங்கினாலும், இது எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “எதுக்கும் இருக்கட்டும்.” அதனால் அவர் பெயரே ‘இருக்கட்டும்’ ஆகிவிட்டது. எல்லோரும் ‘இருக்கட்டும் சார்’ என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

மனிதரால் ஓர் இடத்தில் கால்மணி நேரம் உட்கார முடியாது. ஒரு பைலைப் பிரிப்பார், இரண்டு வரி எழுதுவார், எழுந்து ஜன்னலுக்குப் போவார், பஜார் பக்கம் எட்டிப் பார்ப்பார், திரும்பி வந்து பேனாவைத் திறப்பார், மூடுவார். அடுத்த நிமிஷம் நாற்காலி காலியாக இருக்கும். அவர் பக்கத்தில் வேலை பார்ப்பது பம்பரத்தின் பக்கத்தில் வேலை பார்ப்பது மாதிரி. முதல் மாதம் எனக்கே தலை சுற்றியது. இரண்டாவது மாதம் அவர் எழுந்தால் நானும் காரணமில்லாமல் எழுந்திருக்க ஆரம்பித்தேன்.

வாங்கியதெல்லாம் பயன்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஷூ மாட்டும் கரண்டி ஒன்று வைத்திருந்தார். ஆயுள் முழுக்க அவர் போட்டது ரப்பர் செருப்பு. ரிக்கார்டு ரூமுக்கென்று வாங்கி வந்த எலிப்பொறியில் முதலில் மாட்டியது அவர் கட்டைவிரல், அடுத்தது ஹெட்கிளார்க்கின் கைக்குட்டை. எலி எதுவும் மாட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஹெட்கிளார்க் நல்லவர்தான். ஆனால் ஒருவர் எப்போதும் நாற்காலியில் இல்லை என்றால் அவருக்கும் பொறுக்காது அல்லவா? ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், அனுமதியில்லாமல் இருக்கையை விட்டுப் போவதற்கு விளக்கம் கேட்டு இருக்கட்டும் சாருக்கு ஒரு மெமோ கொடுக்கச் சொன்னார். டைப்பிஸ்ட் அம்மாள் அடித்துக்கொண்டிருந்தார். ‘தாங்கள் அடிக்கடி’ என்ற இடம் வந்ததும் மெஷினில் உருளையை இழுக்கும் நாடா அறுந்துவிட்டது. ஆபீசில் இருந்தது அந்த ஒரே மெஷின். ரிப்பேர்காரர் காஞ்சிபுரத்திலிருந்து வர வேண்டும். மறுநாள் மாவட்ட அதிகாரி பார்வையிட வருகிறார். நாற்பது பக்க அறிக்கை அடிக்காமல் கிடந்தது. ஹெட்கிளார்க் முகம் வெளுத்துப்போய் நின்றார்.

அப்போதுதான் இருக்கட்டும் சார் வெளியிலிருந்து வந்தார். என்ன ஏது என்று விசாரித்தார். பையைத் துழாவி ஒரு முழம் பாவாடை நாடாவை எடுத்தார். அதை அவர் எதற்காக வாங்கினார் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. மெஷினைக் கவிழ்த்து, திருப்பி, அரைமணியில் நாடாவைக் கட்டிவிட்டார். உருளை முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஓடியது. டைப்பிஸ்ட் அம்மாள் முதலில் பாதியில் நின்ற மெமோவை முடித்தார். இருக்கட்டும் சார் அதை வாங்கி நிதானமாகப் படித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, தனக்கு ஒரு நகல் வேண்டும் என்றார்.

“உங்களுக்குத்தான்யா மெமோவே. நகல் வேற எதுக்கு?” என்றார் ஹெட்கிளார்க்.

அவர் பதில் சொல்லுமுன் நாங்களே கோரஸாகச் சொல்லிவிட்டோம்.

மெமோ அதோடு சரி. அதன்மேல் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அந்த மெஷின் ரிட்டையர் ஆகும்வரை பாவாடை நாடாவோடுதான் ஓடியது.

அடுத்த பங்குனியில் எங்கள் இருவரையும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு அனுப்பினார்கள். ரேஷன் கார்டு சரிபார்க்கும் முகாம். அதற்கு முன் இரண்டு முறை முகாம் போட்டும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த முறையும் ஆள் வராவிட்டால் அந்தக் குப்பத்துக் கார்டுகளையே நிறுத்திவைக்கப் போவதாக மேலே பேச்சு.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. இருக்கட்டும் சார் இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதி, டிரைவர் ஹாரன் அடித்து, பயணிகள் எல்லாரும் என்னை முறைத்து முடித்த பிறகு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதுபோல ஓடிவந்தார். இடுப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம். அப்போதுதான் பிளாஸ்டிக் குடம் ஊருக்குள் வந்துகொண்டிருந்த நேரம். பார்க்காதவர்களே அதிகம். சர்க்கார் வேலையாகப் போகிறோம், கையில் குடமா என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் அதைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு வந்தார்.

குப்பத்தில் ஒரு வேப்பமரத்தடியில் மேஜை போட்டோம். குடத்தை மேஜைமேல் வைத்தார். பத்து நிமிஷத்தில் ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அரைமணியில் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லார் கையிலும் கார்டு. சர்க்கார் மேல் இவர்களுக்கு எப்போது இவ்வளவு மரியாதை வந்தது என்று வியந்தபடியே நான் பதிந்துகொண்டிருந்தேன். வரிசையின் நடுவிலிருந்த ஓர் அம்மாள் பொறுமையிழந்து முன்னால் வந்தார். கடலோரக் காற்றில் கறுத்த முகம், காதில் கனத்த கம்மல்.

“இன்னா சார், ஊட்டுக்கு ஒரு கொடம் குடுக்கறாங்கோன்னு சொன்னாங்கோ. ஒண்ணே ஒண்ணுதான் கீது?”

அது இருக்கட்டும் சாரின் சொந்தக் குடம் என்று விளக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. வரிசை முணுமுணுத்தது. ஆனால் வந்தது வந்தாகிவிட்டது என்று எல்லாரும் கார்டைப் பதிந்துவிட்டே போனார்கள். குப்பத்தில் ஒரு வீடுகூட விடுபடவில்லை.

மூட்டை கட்டும் நேரத்தில் கரைப்பக்கம் கூச்சல் கேட்டது. அதே அம்மாளின் வீட்டுக்காரரை வலை பிரிக்கும்போது திருக்கை மீன் அடித்துவிட்டது. அதன் வால் முள் கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, நாலு பேர் தூக்கி வந்தார்கள். துணி நனைந்துகொண்டே இருந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும். நாங்கள் ஏற இருந்த பஸ்ஸிலேயே அவரைப் பின் சீட்டில் படுக்கவைத்து அந்த அம்மாளும் ஏறினார்.

திருக்கழுக்குன்றம் தாண்டி நாலு மைல். முன்னாலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். ரேடியேட்டர் குழாய் வெடித்து, தண்ணீர் முழுக்கக் கொட்டியிருந்தது.

“பூட்ச்சு. இனிமே இது நவுராது,” என்றார்.

அந்தச் சாலையில் அடுத்த வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பின் சீட்டில் அந்த மனிதர் முனகுவது நின்றிருந்தது. முனகியபோது இருந்த பயத்தைவிட அது பெரிய பயம். அந்த அம்மாள் அழவில்லை. புருஷன் காலை மடியில் தூக்கிவைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இருக்கட்டும் சாருக்குத் தெரிந்திருந்தது. பையிலிருந்து சைக்கிள் டியூப்பையும் சணலையும் எடுத்து டிரைவர் கையில் திணித்தார். டிரைவர் ஒரு நொடி விழித்தார், பிறகு மளமளவென்று டியூப்பைக் கிழித்துக் குழாயைச் சுற்றிச் சணலால் இறுக்கினார். ஆனால் தண்ணீருக்கு? வண்டியில் இருந்தது ஒரு ஓட்டை டப்பா. பக்கத்து ஏரி பங்குனி வெயிலில் வற்றி, தண்ணீர் எங்கோ நடுவில் பளபளத்தது.

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் ஓடினார். கால்மணி நேரம் உட்காரத் தெரியாத மனிதர் ஓட ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். இரண்டாவது நடைக்கு நானும் ஓடினேன். நாலாவது நடையில் செருப்பை ஏரிக்குக் கொடுத்தேன். ஆறாவது குடத்தை ஊற்றியதும் என்ஜின் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

கட்டு லேசாகக் கசிந்தது. அதனால் ஏழாவது குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு மைலுக்கு ஒரு தரம் வண்டி நிற்கும், அவர் ஊற்றுவார். ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் அவர் சட்டையில் அலம்பியது. முன் சீட்டுப் பெரியவர் ஒருவர், குடத்தைக் கீழே வைத்தால் என்ன என்று கேட்டார். “சாஞ்சிடும் பெரியவரே,” என்று மட்டும் சொன்னார். கண் சாலையை விட்டு விலகவில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸை விட்டார் டிரைவர். ரத்தம் நிறையப் போயிருந்தது. நேரத்துக்கு வந்துவிட்டதால் உயிருக்குப் பயமில்லை, காலும் தப்பிவிடும் என்றார் டாக்டர். அதுவரை நின்றிருந்த அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருக்கட்டும் சார் குடத்தை அவர் பக்கத்தில் வைத்தார்.

“வச்சிக்கமா. ஆஸ்பத்திரில தண்ணி புடிக்க ஒண்ணும் கெடைக்காது.”

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாள் ஒரு கூடைக் கருவாட்டோடு ஆபீசுக்கு வந்தார். “கொடத்துக்காரரு இல்லியா?” என்று கேட்டார். வழக்கம்போல நாற்காலி காலி. மதிய வேளையில் அவர் பத்து நாள் வார்டுக்கு வந்ததை அந்த அம்மாள் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். சீப்பு, விசிறி, தீப்பெட்டி என்று தினம் ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாராம். ஹெட்கிளார்க் எல்லாவற்றையும் கேட்டார். கூடையை அவரே வாங்கி அந்தக் காலி நாற்காலிமேல் வைத்தார். கருவாட்டு வாசனை பைல்களில் ஒரு வாரம் இருந்தது. அதற்காக யாருக்கும் மெமோ போகவில்லை.

அடுத்த வருஷம் இருக்கட்டும் சாருக்கு மதுரைப் பக்கம் மாற்றல் வந்தது. ஜங்ஷனுக்கு வழியனுப்ப நான் ஒருவன்தான் போனேன். வண்டி கிளம்புவதற்குள் அவர் மூன்று முறை இறங்கி, மூன்று முறை ஏறினார். கடைசியில் ஜன்னல் வழியாக, “தம்பி, நீ கெளம்பு. ஊட்ல தேடுவாங்க,” என்றார். எனக்குப் பஜாரில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். வண்டி தெற்கே போய் மறைந்தது.

என் வீடு இருந்த கூடுவாஞ்சேரிக்குப் போகும் மின்சார ரயில்கள் அடுத்தடுத்து இரண்டு வந்தன. இரண்டையும் விட்டுவிட்டு, நான் மூன்றாவதில்தான் ஏறினேன்.