இலையில் கை வைக்காத போராட்டம்

போராட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். பொருளாதாரத்தில் முதுகலை படித்த எனக்கு எந்த ஆசிரியரும் இதைச் சொல்லித் தரவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன், அதற்கு எங்கள் அலுவலகம் முழுவதும் சாட்சி.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் மனைவியின் அண்ணன் சுயம்பு அங்கேயே மெக்கானிக். எந்தக் காற்றாலை நின்றாலும் மெக்கானிக்குகள் சொந்த பைக்கில்தான் ஓட வேண்டும். அதற்காக மாதந்தோறும் தரப்படும் பெட்ரோல் படி, பெட்ரோல் மலிவாக இருந்த காலத்தில் (அப்படியும் ஒரு காலம் இருந்ததாம்) நிர்ணயிக்கப்பட்டது. பிறகு விலை ஏறிக்கொண்டே போயிற்று, படி அசையவில்லை. எரிபொருள் விலையேற்றத்தால் இந்த ஆண்டு ஊழியர்களுக்கு எந்த உயர்வும் இல்லை என்ற சுற்றறிக்கையும், எம்.டி.யின் சம்பளத்தை உயர்த்தும் உத்தரவும் ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்தன. காற்றாலை பெட்ரோலில் ஓடுவதில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

“படிய கூட்டலேன்னா நான் மஸ்கட்டுக்குப் போயிருவேன் மாப்ள” என்றார் சுயம்பு.

அவர் மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் இல்லாமல் அந்த வீடு என்ன ஆகும் என்று அவரைவிட நான் அதிகம் கவலைப்பட்டேன். (கவலைப்படுவதுதான் என் முழுநேர வேலை, கணக்கெழுதுவது பகுதிநேரம்.)

எங்களுக்குச் சங்கம் கிடையாது. வேலைநிறுத்தம் செய்தால் வேலையே போய்விடும். எவருக்கும் பாதகமில்லாத வழி ஒன்றைப் பல நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சம்பந்தி வீட்டாருக்கு மனக்குறை ஏற்பட்டால் சண்டை போட மாட்டார்கள். இலை முன்னால் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்; பந்தி நின்றுவிடும். பெண் வீட்டார் பதறி ஓடிவந்து, என்ன குறை என்று கேட்டுத் தீர்த்துவைத்த பிறகுதான் பருப்பில் கை படும்.

காற்றுக் காலம் ஓயத் தொடங்கும்போது, ஓணத்தை ஒட்டி, நிறுவனம் ஊழியர்களுக்கு ஒரு விருந்து வைக்கும். எம்.டி.யும் சென்னையிலிருந்து வந்து பந்தியில் உட்காருவார். நாங்கள் இலை முன் சும்மா இருப்போம், அவர் காரணம் கேட்பார், நான் விளக்குவேன். எல்லோரும் சம்மதித்தார்கள். கொள்கைப் பிடிப்பின் காரணமாக நான் அன்று காலையிலும் சாப்பிடவில்லை.

பருப்பும் நெய்யும் விழுந்தன. ஒரு கையும் அசையவில்லை. எனக்குக் கண்கள் பனித்தன. அப்போது கடைசி வரிசையில் ஒரு பப்படம் நொறுங்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த வரிசை முழுவதும் போய்விட்டது. அவியலுக்குக் கணக்குப் பிரிவு சரணடைந்தது. என் பக்கத்தில் சுயம்பு மட்டும் கண்ணை மூடித் தவம் இருந்தார். அடைப்பிரதமன் பாயசம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

“மச்சான், உங்களுக்காகத்தானே இவ்வளவும்!”

“பருப்புக்கு நின்னேன், அவியலுக்கும் நின்னேன். இது பிரதமன்லா மாப்ள!”

நிறைந்த இலையோடு நான் ஒருவன் மிஞ்சினேன். எம்.டி. எழுந்து வந்தார். எங்கள் ஊர்ச் சம்பந்திகளைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

“என்னப்பா, தொடவே இல்லையே? சுகரா?”

மனப்பாடம் செய்துவைத்திருந்த உரையை ஆற்றுவதற்காக எழுந்தேன். “சார், பெட்ரோல்…” என்பது வரைக்கும் வந்தது. பிறகு மண்டபம் ஒரு காற்றாலையைப் போலச் சுற்றியது. கண் விழித்தபோது என் தலையை எம்.டி. தாங்கிக்கொண்டிருந்தார்.

“பெட்ரோல் பத்தியெல்லாம் இப்போ கவலைப்படாதீங்க. பைக் இங்கேயே இருக்கட்டும். என் கார்ல வீட்டுக்குப் போங்க.”

இரக்கமுள்ள மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அஞ்சுகிராமம் வரைக்கும் குளிரூட்டிய காரில் தனியாகப் படுத்துக்கொண்டு போனேன். என் மனைவி பகவதி வாசலுக்கு ஓடி வந்தாள். காரைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள்.

“படிதானே கேக்கப் போனியோ? காரையே குடுத்திட்டாவளா?”

அடுத்த மாதம் புதிய சுற்றறிக்கை வந்தது. ஊழியர் நலன் கருதி, நிறுவனச் செலவில், சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாம். எனக்குச் சர்க்கரை இல்லை. சுயம்புவுக்கு இருந்தது. இந்த உடம்போடு மஸ்கட் பேச்சை எடுக்கக்கூடாது என்று அவர் வீட்டில் அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆக, அவர் ஊரிலேயே தங்கிவிட்டார். என் போராட்டத்தின் நோக்கமும் ஒருவகையில் நிறைவேறிவிட்டது. பெட்ரோல் படி மட்டும் இன்றுவரை அதே தொகைதான். பெட்ரோல் விலையும் எம்.டி.யின் சம்பளமும் அதன் பிறகு பலமுறை கூடிவிட்டன.

நான் விழுந்த கதையைப் பகவதி எல்லா உறவினர் வீட்டிலும் நடித்தே காட்டிவிட்டாள். அதில் சர்க்கரை மட்டும் என் பெயரில் நிலைத்துவிட்டது. சென்ற மாதம் கொட்டாரத்தில் ஒரு கல்யாணம். பாயச வாளியோடு வந்த பகவதியின் சித்தப்பா மகன், “அத்தானுக்கு சுகர்லா” என்று என் இலையைத் தாண்டிப் போய், பக்கத்தில் இருந்த சுயம்புவின் இலையில் நிறைய ஊற்றினான். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

மச்சான் என் தொடையை அழுத்தினார்.

“பேசாம இரி மாப்ள. போராட்டம்னா தியாகம் வேணும்லா.”