சாட்சிக்கு ஒரு சட்டை

“இதுக்குப் பேரு யூனிபார்மா?” என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர் தேவதர்ஷினி.

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு, வளைவு வளைவாக இறங்கி வந்த லாரி அடிவாரத்தில் அப்போதுதான் மூச்சு விட்டிருந்தது. டிரைவர் ஆதிமூலம் கீழே குதித்து, லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், எப்.சி. எல்லாவற்றையும் கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் பணிவாக நீட்டியிருந்தார். எல்லாமே சரியாக இருந்தன. சப்-இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்காமல் போனதே அதுதான் என்று ஆதிமூலத்துக்குத் தோன்றியது.

“வேற இன்னாங்க மேடம் இது?” சட்டையின் மார்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினார். “காக்கிங்க. சுத்தமான காக்கி.”

தேவதர்ஷினி அவரை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தார். பாதத்திலிருந்து உச்சிவரை இன்னொருமுறை பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் கவியரசனிடம், “சீருடை இல்லைன்னு எழுதுங்க. ஐந்நூறு” என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தப் போய்விட்டார்.

சட்டை ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. வாங்கிய அன்று காக்கிதான். அதன்பிறகு வெயிலும், போர்த் தண்ணீர் உப்பும், சோப்பும் சேர்ந்து அதை ஒரு வழி பண்ணியிருந்தன. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் சந்தனம், அந்தப் பக்கம் நின்று பார்த்தால் சுண்ணாம்பு. ஆனாலும் காக்கியாகப் பிறந்த சட்டை காக்கிதானே?

“கட்ட மாட்டேன்” என்றார் ஆதிமூலம்.

“கட்டலன்னா கோர்ட்டுக்குப் போவணும்ங்க” என்றார் கவியரசன், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

“போறேன். நீதிபதி கண்ணு இன்னா நொள்ளையா? அவுரு பாக்கட்டும்.”

இது வெறும் வீம்பு இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வருகிற ஜூனிலிருந்து பஸ் ஓட்ட அவரை எடுத்துக்கொள்வதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். காலையில் போனால் சாயங்காலம் வீடு. ஒரே ஒரு நிபந்தனை. “உங்க பேர்ல சின்ன அபராதம்கூட இருக்கக் கூடாது.” இருபத்தாறு வருஷத்தில் ஒன்றுகூட இல்லாதவர் ஆதிமூலம். அந்த ஐந்நூறைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. ஒப்புக்கொண்டால் பள்ளிக்கூட பஸ் போச்சு.

லாரி ஸ்டாண்டு டீக்கடையில் இது பெரிய வாதமாகிவிட்டது.

“கட்டித் தொலச்சிட்டுப் போண்ணா” என்றார்கள் பாதிப்பேர். “ஐந்நூறுக்குக் கோர்ட்டுக்கு நடந்தா ரெண்டு லோடு போயிடும்.”

டிரைவர் சங்கச் செயலாளர் பகலவன் மேசையைத் தட்டினான். ஏர்ஹாரன் வழக்கு ஒன்றில் ஜெயித்தவன் என்பதால் அவனுக்கு ஸ்டாண்டில் பாதி வக்கீல் மரியாதை.

“இன்னிக்கி சட்ட சரியில்லன்னு கட்டுவ. நாளைக்கி மீச சரியில்லன்னு எழுதுவாங்க. அதையும் கட்டுவியாண்ணா?”

ஆதிமூலம் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“கேசு ரொம்ப ஈசிண்ணா. அந்தச் சட்டதான் நமக்குச் சாட்சி. அதக் கழட்டி அப்பிடியே வெச்சிடு. யாரும் தொடக் கூடாது. நீதிபதி முன்னாடி கொண்டுபோய்க் காட்டுறோம், ஜெயிக்கிறோம்.”

அன்று மாலையே ஆதிமூலம் சட்டையைக் கழற்றி, மடித்து, பீரோவுக்கு மேல் வைத்தார். மனைவி சாலம்மாளிடம், “இது கோர்ட்டுக்குப் போற சட்ட, ஜாக்கிரத” என்று மட்டும் சொல்லிவிட்டு சேலத்துக்கு லோடு ஏற்றப் போனார்.

மறுநாள் வந்து பார்த்தபோது சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தும்பைப்பூ தோற்றது.

“இன்னாடி பண்ண?”

“கோர்ட்டுக்குப் போற சட்டன்னியே. நாலு பேரு பாக்குற எடத்துக்கு அழுக்காவா போடுவ? பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வெச்சி, சொட்டு நீலம் முக்கி எடுத்தேன். காலரு எப்பிடி இருக்குது பாரு!” சாலம்மாள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஆதிமூலம் தலையில் கையை வைத்துக்கொண்டு பகலவனுக்குப் போன் போட்டார்.

“வெள்ளையா?” என்றான் பகலவன். “டீ டிக்காசன்ல ஊற வைண்ணா. அளவாப் போட்டா அச்சு அசல் பழைய கலரு வந்துடும்.”

அளவு எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை. வீட்டிலிருந்த டீத்தூள் முழுவதையும் கொட்டிக் கொதிக்கவைத்து அண்டாவில் ஊற்றினார்கள். எடுத்து உதறியபோது முன்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. முதுகில் மட்டும் பெரிதும் சிறிதுமாகப் பழுப்புத் திட்டுகள்.

“கல்வராயன் மலையே தெரியுதுய்யா” என்றாள் சாலம்மாள் வியந்து. “இதோ, இங்கதான் வெள்ளிமல.”

“வாய மூடு.”

“நான் இன்னா பண்ணேன்? டீத்தூளு போச்சு. காலைல குடிக்க ஒண்ணுமில்ல.”

அடுத்தது சாயப்பட்டறை. சாயக்காரர் ராமசாமி சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, எலி கடித்ததா என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். “காக்கிதான? கொதிக்கிற சாயத்துல போட்டா ஜென்மத்துக்கும் போவாது.”

சொன்னபடியே செய்தார். ஒரு மாசம் இழுத்தடித்துக் கிடைத்த சட்டை காக்கியோ காக்கி. ஆனால் ஆதிமூலம் போட்டுப் பார்த்தபோது கை முழங்கைக்கு மேலேயே நின்றது. பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவில் ஒரு சாண் தொப்பை.

“சுருங்கிப்போச்சே, ராமசாமி!”

“காக்கி கேட்ட, காக்கி குடுத்தேன். சைஸ் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே.”

வாய்தா மறுநாள் காலை. இதற்குள் இரண்டு முறை கோர்ட்டுக்குப் போய், ஒருமுறை நீதிபதி விடுமுறை, ஒருமுறை போலீஸ் தரப்பு வரவில்லை என்று திரும்பியாயிற்று. அதில் மூன்று லோடு போனதில் லாரி முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த முறையும் விட்டால் பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

“பழைய காக்கிச் சட்ட யாருகிட்டயாவது இருக்குமா?” என்றான் பகலவன். “நல்லா வெளுத்ததா இருக்கணும்.”

தெருக்கோடியில் இருசப்பன் இருந்தார். ரிட்டயர்டு ஹெட் கான்ஸ்டபிள். ஆறடி உயரம். எதற்கு என்று கேட்காமல் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார். “கிழிச்சிடாதப்பா, அதுல நான் மெடல் வாங்கியிருக்கேன்.”

சட்டைக் கையில் தைத்திருந்த பட்டைகளைப் பகலவன் பிளேடால் பிரித்து எடுத்தான். நிறம் பிரமாதம். சந்தனமும் சுண்ணாம்புமாக. நீளம்தான் ஜாஸ்தி. ஆதிமூலத்தின் முட்டிக்கு இரண்டு விரல் மேலே வந்து நின்றது.

“தூரத்துல பாத்தா சட்டதான் வருது, ஆளக் காணோம்” என்றாள் சாலம்மாள். ஆனாலும் தானும் கோர்ட்டுக்கு வருவேன் என்று கிளம்பிவிட்டாள். சுருங்கிய சட்டையை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று.

கோர்ட்டில் பேரைக் கூப்பிட்டார்கள். தேவதர்ஷினி வரவில்லை. அமைச்சர் வருகைக்காகப் பந்தோபஸ்து. அவருக்குப் பதில் கவியரசன் வந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

“சீருடை அணியாமல் லாரி ஓட்டியது” என்று படித்தார் நீதிபதி. “குற்றத்தை ஒப்புக்கிறீங்களா?”

“இல்லீங்கய்யா. காக்கிச் சட்ட போட்டுனுதாங்க இருந்தேன். வெளுத்துப்போயிருந்துச்சி, அவ்வளவுதான்.”

“எங்க அந்தச் சட்டை?”

“இதாங்கய்யா.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இது உங்க சட்டையா?”

ஆதிமூலம் தொங்கிய சட்டை நுனியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். “ஆமாங்கய்யா.”

“அன்னிக்குப் போட்டிருந்தது இதேதானா?”

“ஆ... மாங்கய்யா.”

“கிட்ட வாங்க. காலர்ல என்னமோ எழுதியிருக்கே.”

கிட்டப் போனார். காலரின் உள்பக்கம், சலவைக்குப் போடும்போது மாறிவிடக் கூடாது என்று அழியாத மையில் எழுதியிருந்ததை நீதிபதி எழுத்துக்கூட்டிப் படித்தார். “ஹெச்.சி. ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு.”

கோர்ட்டில் இருந்த போலீஸ்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

“ஹெட் கான்ஸ்டபிள் சட்டையைப் போட்டுக்கிட்டா லாரி ஓட்டுனீங்க?” நீதிபதியின் குரல் மாறிவிட்டது. “ஐந்நூறு ரூபா வழக்குக்கு வந்தவர் ஆறு மாச வழக்கைத் தேடிக்கிறீங்களே!”

ஆதிமூலம் பின்னால் திரும்பிப் பார்த்தார். கூட வந்திருந்த பகலவன் நின்ற இடம் காலியாக இருந்தது.

“அய்யா!” என்று எழுந்தாள் சாலம்மாள். “அவுருக்குப் பொய் சொல்ல வராதுங்க. நான்தாங்க சட்டையத் தொவச்சிட்டேன்!”

“உட்காரும்மா.”

“கேளுங்கய்யா. பளிச்சினு இருக்கணும்னு பிளீச்சிங் போட்டேங்க. வெள்ளையாயிடிச்சி. டீத்தூள்ல ஊற வெச்சோம், மேப்பு மாதிரி ஆயிடிச்சி. சாயத்துல போட்டோம், சுருங்கிப்போச்சி. இதோ பாருங்க!”

மஞ்சள் பையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினாள். பத்து வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். வக்கீல்கள் வரிசையில் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். எழுத்தர் மேசைக்கு அடியில் எதையோ தேடினார்.

ஆதிமூலம் இருசப்பனின் சட்டைக்குள் குறுகி நின்றார். கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சிடுங்கய்யா. இது எரவல் சட்டைங்க. பொய் சொன்னது தப்பு. ஆனா அன்னிக்கு நான் காக்கிதாங்க போட்டுனு இருந்தேன். அது சத்தியம். இருபத்தாறு வருசமா என் பேர்ல ஒரு அபராதம் கெடையாதுங்க. இது ஒண்ணு எழுதிட்டீங்கன்னா ஸ்கூல் வேல போயிடும். ராத்திரியில வூட்டுல படுக்கணும்னு ஆசைங்க, அவ்வளவுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி வழக்குக் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். அதில் சீருடை இல்லை என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“பொய் சொன்னதுக்கு எச்சரிக்கையோட விடறேன். அந்தச் சட்டையை இன்னிக்கே உரியவர்கிட்ட குடுத்துடுங்க. மத்தபடி, சட்டை வெளுத்துப்போறது குற்றம்னு எந்தச் சட்டத்திலயும் இல்லை.”

சாலம்மாள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். பகலவன் எங்கிருந்தோ கதவோரம் திரும்பி வந்திருந்தான். ‘நான் சொன்னேனா இல்லையா’ என்று பக்கத்திலிருந்தவரிடம் சைகை காட்டிக்கொண்டிருந்தான். ஆதிமூலம் மனசுக்குள் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகியே விட்டார்.

பேனாவைத் திறந்த நீதிபதி, முறைக்காக ஒன்று கேட்டுவைப்போம் என்பதுபோல் ஓரமாக நின்ற கவியரசன் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, அன்னிக்குக் கூட இருந்தது நீதானே? இவர் சட்டை காக்கியா இல்லையா?”

கவியரசன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

“சட்ட காக்கிதாங்கய்யா, அதுல எங்களுக்கு ஒரு தகராறும் இல்ல, கீழதான் பச்சக் கட்டம் போட்ட லுங்கி கட்டினு இருந்தாரு.”