இரும்புத் தொப்பிக்குப் பாளைச் சட்டை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருந்த அத்தனை பேர் தலைக்காகவும் கவலைப்பட்டவர் ஒரே ஒருவர்தான், எங்கள் தொப்பி மேஸ்திரி. தலைக்குள்ளே என்ன இருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. "உள்ள களிமண்ணு இருந்தாலும் ஓடு உடையக்கூடாது, அம்புட்டாக்கும்" என்பார்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். தனுவச்சபுரம் பக்கம் ரோட்டோரமாக ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தோம். நான் அங்கே கணக்கப்பிள்ளை. முந்தைய வேலையில் தலையில் கல் விழுந்து ஒரு கொத்தனார் செத்துப்போனதை மேஸ்திரி கண்ணால் பார்த்திருந்தார். அதோடு பிடித்தது கிறுக்கு. யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாளத்து இரும்புத் தொப்பிகளை வண்டி நிறைய வாங்கி வந்தார். சாரத்துக்குக் கல் ஏற்றும் வாளியில் சைக்கிள் மணியைக் கட்டினார். மணி கேட்டால் கீழே நிற்பவன் விலக வேண்டும்.

வெயிலில் அந்தத் தொப்பி தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஒருவர் அதில் சாந்து அள்ளினார். இன்னொருவர் மரச்சீனிக்கிழங்கே அவித்துவிட்டார்.

"எலே, தலை வைக்கிற இடத்துல கிழங்கை வச்சிருக்கியே! கிழங்கு உடைஞ்சா உனக்க பெஞ்சாதி அழுவாளா?"

"நல்ல மாவுக்கிழங்காக்கும் மேஸ்திரி. உடைஞ்சா நானே அழுவேன்."

ஒரு வழியாக எல்லாரையும் தொப்பி போடவைத்தார். ஒருநாள் மத்தியானம் ஆட்கள் தொப்பியும் தலையுமாக, வரிசையாகச் சாயாக்கடைக்குக் கிளம்பினார்கள். எதிரே தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று முழங்கிக்கொண்டு ஊர்வலம் வந்தது. இரும்புத் தொப்பிகளைக் கண்டதும் போலீஸ் என்று நினைத்து, மொத்த ஊர்வலமும் வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்தது. பின்னாலேயே வந்த நிஜப் போலீஸோ, எங்கள் ஆட்களைப் போராட்டக்காரர்களின் படை என்று நினைத்து வளைத்துக்கொண்டது.

"இது ஏது பட்டாளமாடா?" என்று மலையாளத்தில் உறுமினார் இன்ஸ்பெக்டர்.

"கல்லு சுமக்குந்ந பட்டாளமாணு ஸாரே" என்றார் மேஸ்திரி.

"நீ ஏது பக்ஷம்?" தமிழ்ப் பக்கமா, மலையாளப் பக்கமா என்பது கேள்வி.

"கல்லு விழும்போள் பக்ஷம் நோக்குமோ ஸாரே?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இனி இந்தத் தொப்பியைக் கண்ணில் கண்டால் எல்லாரும் உள்ளே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி வேலையை நிறுத்தினார். "தொப்பி இல்லாம ஒருத்தனையும் சாரத்துல ஏத்தமாட்டேன்." நாளைக்கும் வேலை நடக்காவிட்டால் வேறு மேஸ்திரி வருவான் என்றார் காண்டிராக்டர்.

மறுநாள் காலையில் மேஸ்திரி பாக்குமரத்திலிருந்து உதிர்ந்த கமுகம்பாளை ஒரு கட்டோடு வந்தார். வயல் வேலைக்காரர்கள் போடுகிற பாளைத்தொப்பி போலவே தைத்து, ஒவ்வொரு இரும்புத் தொப்பிக்கும் மேலே மாட்டினார். போலீஸ் வண்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. பாளையால் சூடும் குறைந்ததா, ஆட்கள் தாங்களாகவே எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கிழங்கும் பானைக்கே திரும்பிவிட்டது.

நான்தான் அடங்கவில்லை. கணக்கு எழுதுகிறவனுக்குத் தொப்பி எதற்கு?

"கணக்கப்பிள்ளே, கொத்தனுக்க தலை வெயில்ல காஞ்சு கெட்டிப்பட்டதாக்கும். உம்மது பிஞ்சு" என்று என் தலையில் ஒன்றைக் கவிழ்த்தார்.

அன்றைக்கே மணி அடித்தது. நான் மணல் வண்டிக்காரரோடு சண்டையில் இருந்தேன். வாளியிலிருந்து நழுவிய கல் 'ணங்'கென்று என் தலையில் இறங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரி ஓடி வந்தார். "மணி அடிச்சது கேக்கல்லியா? புதுப் பாளையாக்கும், கிழிச்சுப் போட்டீரே!" என்று வைதுகொண்டே, நசுங்கிய தொப்பியைக் கழற்றினார். என் மண்டையை விரல்களால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். கணக்கப்பிள்ளே என்பதைத் தவிர வேறு பேரில் என்னைக் கூப்பிட்டறியாத மனுஷன், "ஒண்ணும் இல்ல மக்கா, ஒண்ணும் இல்ல" என்றார்.

இன்றைக்கும் தலை வலித்தால், தைலத்தைவிட அந்த விரல்களைத்தான் மனம் தேடுகிறது.