இரண்டாவது குழாய்

ஸ்கிப்டன்
ஜனவரி 9

அன்புள்ள தங்கை வினிஃப்ரெடுக்கு,

அண்ணன் ஆம்ப்ரோஸ் எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம். கார்ன்வாலில் நீயும் மகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, இரண்டாவது கோப்பைத் தேநீருக்குப் பின், உன் வீட்டு ஷெட் வாசலில் நிற்கும், காலஞ்சென்ற உன் கணவர் கில்பர்ட்டின் காரிலிருந்து தண்ணீரை வடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். இத்தகைய முடிவுகளை நான் எளிதில் எடுப்பவனல்ல. 1974-இல் மீசையை எடுத்த பிறகு இதுவே முதல். மறுநாள் முதல் கடும் உறைபனி என்று வானொலி சொல்லிவிட்டது; உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்தால் விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும். கில்பர்ட்டோ நாற்பது ஆண்டுகளாக ரேடியேட்டரில் மழைநீரைத் தவிர வேறெதையும் ஊற்றியதில்லை. உறையாமலிருக்க மருந்து ஊற்றுகிறவன் குணத்தில் பலவீனன் என்பது அவர் கட்சி. ஈஸ்டருக்கு அவர் சாம்பலை மோர்கேம்ப் கடற்கரைக்கு இந்தக் காரில்தான் கொண்டுபோக வேண்டும், வேறு வண்டியில் மனிதர் ஏறமாட்டார் என்று நீ அழுதது எனக்கு மறக்கவில்லை.

ஆகவே ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, வாளியோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். பக்கத்து வீட்டு பெர்சி, முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், வேலிக்கு மேல் தலையை நீட்டி, "லத்தீன் வாத்தியாரே, படுத்தாச்சு சரி, எழுப்பி விட ஆள் சொல்லி வச்சிருக்கீங்களா?" என்றார். ரேடியேட்டருக்குக் கீழே இருந்த குழாயைத் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் முதலில் என் சட்டைக் கைக்குள்ளும் பிறகு வாளிக்குள்ளும் இறங்கியது. தோட்டத்து ரப்பர் குழாயை மேல்வாயில் செருகி, தெளிவாக வரும்வரை அலசினேன். எஞ்சின் பக்கவாட்டில் இரண்டாவது குழாய் ஒன்று உண்டு. அதையும் திறந்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"வரலைன்னா காலின்னு அர்த்தம்," என்றார் பெர்சி. "இதுக்குக் கூடவா லத்தீன்ல பாடம் எடுக்கணும்?"

வாதம் எனக்கும் சரியாகவே பட்டது. வடித்த வண்டியைத் தெரியாமல் யாரும் கிளப்பிவிடக் கூடாதென்று கில்பர்ட் ஆண்டுதோறும் ஸ்டியரிங்கில் மாட்டும் அட்டையைத் தேடி எடுத்தேன். 'தண்ணீர் இல்லை' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அட்டையின் கயிறு இற்றுப்போயிருந்ததால், ஷெட் கதவருகே ஆணியில் எந்தப் பயனுமின்றித் தொங்கிய வளைந்த கம்பி ஒன்றைக் கோத்து மாட்டினேன். கில்பர்ட்டே மெச்சியிருப்பார்.

கார் பத்திரம். நிம்மதியாகத் தூங்கு. மகளுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் இந்த ஆண்டு போன ஆண்டைவிட இரக்கமுள்ளதாக இருக்கட்டும்.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ்

பி.கு.: இக்கடிதத்தைத் தபாலில் போட மறந்து, இன்று, பதினெட்டாம் தேதி, கோட்டுப் பையில் கண்டெடுத்தேன். நேற்று காரின் இருக்கைக்கு அடியில் கில்பர்ட்டின் நோட்டுப் புத்தகமும் கிடைத்தது. 'ஆணியில் தொங்கும் கம்பி இரண்டாவது குழாய்க்கு. துரு அடைத்துக்கொள்ளும். குத்திவிடாமல் திறந்தால் எதுவும் வராது, தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே நிற்கும்.' பெர்சியிடம் வாசித்துக் காட்டினேன். "கம்பிதான் அட்டையில தொங்குதே, வாத்தியாரே," என்றார். எட்டு இரவுகள் உறைபனி. எஞ்சினில் என் முன்கை நீளத்துக்கு விரிசல்.

ஈஸ்டர் திங்களன்று மோர்கேம்புக்கு பஸ் காலை 9.40-க்கு. லங்காஸ்டரில் மாற வேண்டும்.